ஒரு முகத்துக்குப் பாடியவர்

அக்கா பாட எழுந்தால் உடனே பாடமாட்டார். மைக்குக்கு முன்னால் வந்து நின்று, சபையை ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை மெதுவாகப் பார்ப்பார். நான் ஆர்மோனியத்தில் சுருதியைப் பிடித்தபடி காத்திருப்பேன். எங்கள் கல்யாணப் பாட்டுக் குழுவில் எல்லோருக்கும் அவர் அக்கா; குழுவை நடத்தியவரை மாஸ்டர் என்போம். அவர் அக்கோடியனைத் தோளில் மாட்டிக்கொண்டு பல்லைக் கடிப்பார். யாராவது இருமுவார்கள், எங்காவது குழந்தை அழும். அக்கா அவசரப்படமாட்டார். கடைசியில் அவருடைய கண் எங்கோ ஒரு முகத்தில் போய் நிற்கும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் பாட்டைத் தொடங்குவார். முடிக்கிற வரை வேறு பக்கம் திரும்பமாட்டார்.

இன்றைக்கு யார் என்பது எங்களுக்கு எப்போதும் ஒரு பயம். ஏனென்றால் அந்த ஆளுக்கு என்ன ஆகும் என்று சொல்ல முடியாது.

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டாரின் சிநேகிதர் ஒரு முஸ்லிம் முதலாளி, துணிக்கடை வைத்திருந்தவர், முன்வரிசைக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். தாய்வீட்டை விட்டுப் பெண் போகிற பாட்டு ஒன்றை அக்கா அவரைப் பார்த்துப் பாடினார். இரண்டாம் சரணத்தில் அந்த மனிதர் எழுந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டு, யாரிடமும் சொல்லாமல், சாப்பிடாமல் வெளியே போய்விட்டார். மாப்பிள்ளையின் தகப்பனார் மேடைக்குப் பின்னால் வந்து, என்னுடைய விருந்தாளியை அவமானப்படுத்திவிட்டீர்கள் என்று மாஸ்டரைப் பிடித்துக்கொண்டார். அன்று எங்களுக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் நான் வேலை செய்த நகரசபைக் கந்தோருக்கே அந்த முதலாளி வந்து நின்றார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து எழுந்தேன். அவர் உட்காரவில்லை. வருடக்கணக்காகப் பேசாமல் விட்டிருந்த மகளைத் தேடி இரவோடு இரவாக மாத்தளைக்குப் போய்விட்டு நேரே வருவதாகச் சொன்னார். கண் சிவந்திருந்தது. "அந்தப் புள்ளக்கிட்டச் சொல்லுங்க, இனி என்ட மொகத்தப் பாத்துப் பாட வாணாம் எண்டு. எனக்குத் தாங்கேலா" என்றார்.

நான் போய்ச் சொன்னேன். அக்கா சிரிக்கவும் இல்லை, பெருமைப்படவும் இல்லை. மகள் வீட்டில் சாப்பிட்டாராமா என்று மட்டும் கேட்டார்.

பார்வைக்கு அவரிடம் ஒன்றும் விசேஷம் கிடையாது. மெலிந்த உடம்பு. மொறமொறவென்று கஞ்சி போட்ட பருத்திச் சேலை. முந்தானை முடிச்சில் எப்போதும் இரண்டு துண்டு கற்கண்டு. குரலிலும் அடியில் லேசான கரகரப்பு ஓடும். மேலே போகப் போக அந்தக் கரகரப்பு விலகி, உள்ளேயிருந்து வேறொரு குரல் தனியாக எழுந்து வரும். அந்த இடத்தில்தான் ஆட்கள் உடைந்து போவார்கள்.

குண்டசாலையில் ஒரு சிங்களக் குடும்பத்தின் வீட்டில் பின்பக்கத்துப் பகுதியை வாடகைக்கு எடுத்து அக்காவும் அவருடைய கணவரும் இருந்தார்கள். பகலில் ரவிக்கை தைப்பார். தையல் மெசினுக்குப் பக்கத்தில் ஜன்னல், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர்களின் ரேடியோ. இந்தியப் பாடகி ஒருவரின் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அலுமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்தார். சிங்களத்திலும் அவருக்கு ஒரு பாடகி உண்டு. இந்த இரண்டு பேரில் யாருடைய குரல் ரேடியோவில் வந்தாலும் மெசின் நின்றுவிடும். கால் மிதிப்பலகையில் இருக்க, கை துணியில் இருக்க, ஆள் அசையமாட்டார். பாட்டு முடிந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருப்பார். சிங்களப் பாட்டுகளையெல்லாம் அந்த ஜன்னலோரத்தில்தான் படித்தார். வீட்டுக்கார இளம்பெண் குழந்தையைத் தூங்க வைக்கப் பாடுகிற தாலாட்டு கூட அவருக்குப் பாதி பாடம்.

ஏன் ஒருவரை மட்டும் பார்த்துப் பாடுகிறீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். பல்லில் நூலைக் கடித்து அறுத்துவிட்டுச் சொன்னார்:

"ரேடியோவுல அந்தம்மா பாடுறப்ப ஊரே கேக்குது. ஆனா எனக்கு மட்டும் பாடுற மாதிரியில்ல இருக்கு? அது எப்படின்னு ரொம்ப நாளா யோசிச்சேன் தம்பி. யாரோ ஒரு ஆளுக்குன்னு நெனைச்சுப் பாடுனாத்தான் அப்படி வரும். கூட்டத்துக்குப் பாட எனக்குத் தெரியாது."

அவருடைய கணவர் நகரசபையின் தண்ணீர்க் குழாய்ப் பகுதியில் வேலை பார்த்தவர். அமைதியான மனிதர். கச்சேரி முடிந்து அக்கா வீடு திரும்பும்போது கொத்தமல்லித் தண்ணீரைக் காய்ச்சி மூடி வைத்திருப்பார். ஆனால் பாட்டுக் கேட்க வரவே மாட்டார். ஒரே ஒரு தடவை வந்தாராம். அக்கா அன்றைக்கு அவரைத் தேர்ந்தெடுத்துவிட்டார். "அவ என்னயப் பாத்துப் பாடுனா நான் அங்கயே எந்திரிச்சு மன்னிப்புக் கேட்டுருவேன் போல இருந்துச்சு தம்பி. எதுக்குன்னு எனக்கே தெரியல" என்று என்னிடம் சொன்னார்.

எழுபத்தேழில் தேர்தல் முடிந்து சில வாரங்களில் தமிழருக்கு எதிராகக் கலவரம் தொடங்கியபோது நாங்கள் தெல்தெனியவில் இருந்தோம். ஒரு தமிழ்க் கடைக்காரரின் மகள் கல்யாணம். மாஸ்டரும் மற்றவர்களும் ஒலிபெருக்கிப் பெட்டிகளோடு லொறியில் முதல்நாள் இரவே திரும்பிவிட்டார்கள். அக்காவுக்குத் தொண்டை கட்டியிருந்ததால் கல்யாண வீட்டிலேயே படுத்துவிட்டு என்னோடு காலையில் வருவதாக ஏற்பாடு.

விடிந்தபோது ஊரின் நடமாட்டமே மாறியிருந்தது. கண்டிப் பக்கம் கடைகளை எரிக்கிறார்களாம் என்றார்கள். கல்யாண வீட்டுக்காரர் எங்களைப் போக வேண்டாம் என்றார். ஆனால் அவரே கடைப் பலகைகளை இழுத்து மூடிக்கொண்டுதான் அதைச் சொன்னார். கணவர் குண்டசாலையில் தனியாக இருக்கிறாரே என்று அக்காவுக்குத் தவிப்பு. பஸ் ஓடுகிறது என்று கேள்விப்பட்டதும் பொட்டை அழித்துவிட்டு, "வாங்க தம்பி, போயிருவோம்" என்றார்.

பஸ்ஸில் கூட்டம் அதிகமில்லை. ஆர்மோனியப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன், பக்கத்தில் அக்கா. எங்களுக்கு எதிர்ச் சீட்டில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருந்தார். கையில் சுடுதண்ணீர்ப் பிளாஸ்க். எங்கள் முகத்தைப் பார்த்ததும் தமிழரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தெல்தெனியவில் ஒரு சாமான் கடையில் வேலை செய்பவராம். கண்டி ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, இன்னும் பார்க்கவில்லை என்றார். "ஆம்பிளப் புள்ளையாம்" என்றார். ஊரில் நடப்பது எதுவும் அவர் மனதில் ஏறியதாகத் தெரியவில்லை. தன் பெயரையும் பிள்ளைக்கு வைக்கப்போகிற பெயரையும் அவராகவே சொன்னார்.

அக்கா குனிந்து, "அண்ணே, மெதுவாப் பேசுங்க. நெத்தியத் தொடச்சிருங்க" என்றார்.

அப்போதுதான் அவருக்கு நிலைமை புரிந்தது. சட்டைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்துத் திருநீற்றைத் துடைத்தார். முடியோரத்தில் கொஞ்சம் வெள்ளை நின்றது. அதைச் சொல்ல அக்கா வாயைத் திறந்தபோது பஸ் நின்றது.

வளைவில் ரோட்டுக்குக் குறுக்கே மரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். சிலர் மேலே ஏறினார்கள். சாரதி இரண்டு கைகளையும் சுக்கானில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தான். அவர்கள் வரிசை வரிசையாக முகங்களைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். பிளாஸ்க் வைத்திருந்தவரிடம் என்னவோ கேட்டார்கள். அவர் பதில் சொன்னார். கடையில் பழகிய சிங்களம்தான். அவர்களுக்குப் போதவில்லை. ஒருவன் சிங்களப் பத்திரிகை ஒன்றை அவருடைய முகத்துக்கு நேரே நீட்டி வாசிக்கச் சொன்னான்.

அவர் பத்திரிகையைக் கையில் வாங்கினார். வாசிக்கவில்லை. எழுந்து நில் என்றார்கள். நின்றார். பிளாஸ்க்கைச் சீட்டில் விழாதபடி நிமிர்த்தி வைத்துவிட்டு அவர்களோடு இறங்கிப் போனார்.

அடுத்தது நாங்கள். இரும்புக் குழாய் வைத்திருந்த ஒருவன் வந்து நின்றான். முப்பது வயது இருக்கும். குழாயால் என் மடியிலிருந்த பெட்டியைத் தட்டி இது என்ன என்றான். நான் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அக்கா சிங்களத்தில் பதில் சொன்னார். நாங்கள் பாட்டுக்காரர்கள், கல்யாணத்தில் பாடிவிட்டு வருகிறோம், இவருக்குக் காய்ச்சல், பேச முடியாது என்றார்.

அவன் அக்காவை மேலும் கீழும் பார்த்தான். "சிந்துவக் கியப்பன்" என்றான். ஒரு பாட்டுப் பாடு என்று.

அக்கா எழுந்து முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். உடனே பாடவில்லை. அவன் முகத்தைப் பார்த்தார். மேடையில் பார்ப்பதைப் போலவே பார்த்தார். பாடித் தொலையுங்களேன் என்று எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. பிறகு அந்தச் சிங்களப் பாடகியின் பாட்டு ஒன்றைத் தொடங்கினார்.

கட்டிய தொண்டையிலிருந்து குரல் முதலில் கிழிந்துதான் வந்தது. போகப் போகத் தெளிந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அவன் இன்னொன்று என்றான். பாடினார். இன்னொன்று. கீழேயிருந்து யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பாமலே பொறு என்று கையைக் காட்டினான். அக்காவுக்கு முழுதாகத் தெரிந்த சிங்களப் பாட்டுகள் நிறைய இல்லை என்பது எனக்குத் தெரியும். அவை தீர்ந்ததும் முதல் பாட்டையே மறுபடி எடுத்தார். அது பாடியதுதானே என்று அவன் நிறுத்தினான்.

வெளியே எங்கோ மரத்தில் எதையோ அடிக்கிற சத்தம்.

அக்கா வீட்டுக்காரப் பெண்ணின் தாலாட்டைத் தொடங்கினார். அவர் கண் அவன் முகத்தை விட்டு நகரவில்லை. முதல் வரிகள் வந்தன. பிறகு சொற்கள் இல்லை; வெறும் ராகத்தை இழுத்தார். இதோ முடிந்தது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது அந்த மனிதனின் குரல் கேட்டது. அடுத்த வரியை அவன் சொன்னான். பாடவில்லை, பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்வது போல மெதுவாகச் சொன்னான். அக்கா அதை வாங்கிப் பாடினார். அதற்கடுத்த வரியையும் சொன்னான். இப்படியே தாலாட்டு கடைசி வரை போனது.

முடிந்ததும் அவன் திரும்பினான். இறங்கிப் போய்ப் பஸ்ஸின் தகரத்தில் ஓங்கித் தட்டினான். மரங்களை இழுத்து வழிவிட்டார்கள். நான் ஜன்னலால் பார்த்தேன். வெள்ளைச் சட்டைக்காரர் எங்கும் தென்படவில்லை.

அக்கா அந்தப் பிளாஸ்க்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குண்டசாலை வந்தது. இறங்குமுன், "மொதல்லயே பாடியிருக்கணும் தம்பி. அவர எறக்குறதுக்கு முன்னாடியே" என்றார். அவர்கள் கேட்காமல் எப்படிப் பாடியிருக்க முடியும் என்றேன். அவர் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

வீட்டுக்காரர்கள் அக்காவையும் கணவரையும் என்னையும் தங்கள் சாமான் அறையில் வைத்து, தேடி வந்தவர்களிடம் யாரும் இல்லை என்று சொல்லிக் காப்பாற்றினார்கள். ஊரடங்கைத் தளர்த்தியதும் அக்கா செய்த முதல் வேலை, பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டு கண்டி ஆஸ்பத்திரிக்குப் போனது. கணவர் எவ்வளவோ தடுத்தார். கேட்கவில்லை. நானும் கூடப் போனேன்.

பிரசவ வார்டில் கடைசிக் கட்டிலில் அந்தப் பெண் இருந்தாள். சின்ன வயது. நாங்கள் கட்டிலருகே போவதற்குள் பிளாஸ்க்கை அடையாளம் கண்டுவிட்டாள். எங்களுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று கழுத்தை நீட்டிப் பார்த்தாள். அக்கா கட்டிலில் உட்கார்ந்து, நடந்ததைச் சுற்றி வளைக்காமல் சொன்னார். அவள் அழவில்லை. "எறக்குனாங்க. எறக்கிட்டு?" என்றாள்.

"அதுக்குப் பெறகு எனக்குத் தெரியலம்மா."

"தெரிஞ்சா வந்து சொல்லுங்க."

பிறகு அவளுடைய அண்ணன் வந்து கெலிஓயாவில் இருந்த தன் வீட்டுக்கு அவளையும் குழந்தையையும் கூட்டிப்போனார். பொலிஸில் சொன்னார்கள். எழுதிக்கொண்டார்கள். அதற்குமேல் ஒன்றும் நடக்கவில்லை. அக்கா அடிக்கடி கெலிஓயாவுக்குப் போய்க் குழந்தைக்குத் தைத்த சட்டைகளைக் கொடுத்துவிட்டு வருவார். ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் கேட்பது ஒரே கேள்விதான். ஒவ்வொரு தடவையும் அக்காவிடம் பதில் இல்லை.

பாடுவதை நிறுத்திவிட்டார். ரேடியோ பாடினாலும் மெசின் ஓடிக்கொண்டே இருக்கும். மாஸ்டர் வந்து கெஞ்சியபோது, "யாரப் பாத்தாலும் அவன் மொகமா இருக்கு மாஸ்டர். எப்படிப் பாடுறது?" என்றார்.

தைப்பொங்கல் கழிந்து ஒருநாள் மாலை, சும்மா பார்த்துவிட்டு வரலாமென்று நான் குண்டசாலைக்குப் போயிருந்தேன். அக்கா வாசலில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். படலையைத் திறந்துகொண்டு ஒருவன் உள்ளே வந்தான். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சட்டை. ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, மறு கையில் வெற்றிலைக் கட்டு. எனக்குச் சற்றுப் பிந்தித்தான் அடையாளம் தெரிந்தது: பஸ்ஸில் இரும்புக் குழாயோடு வந்து நின்றவன். அக்காவின் கை ஊசியோடு அப்படியே நின்றுவிட்டது.

அவன் குனிந்து வெற்றிலையை நீட்டினான். அக்கா வாங்கவில்லை. கல்யாணங்களில் பாடுகிற பெண் என்று விசாரித்து விசாரித்து வந்ததாகச் சொன்னான். அவனுடைய அம்மா படுக்கையில் கிடக்கிறாராம். அந்தத் தாலாட்டு அம்மா அவனுக்குப் பாடியது. அம்மாவுக்கு முன்னால் வந்து ஒரு தடவை பாட வேண்டும், அவர் போவதற்கு முன்னால், என்றான். குரல் தாழ்ந்திருந்தது. பஸ்ஸில் கேட்ட குரல்தான் என்று நம்பக் கஷ்டமாக இருந்தது.

நான் தமிழச்சி, தெரியுமா என்று அக்கா கேட்டார்.

வாயைத் திறந்ததுமே தெரிந்தது, நங்கி, என்றான், தங்கையிடம் பேசுவது போல. உங்கள் நாக்கில் சில எழுத்துகள் வராது.

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். சிங்களத்தியாக நடித்துத் தப்பினோம் என்றுதான் அதுவரை நாங்கள் இருவரும் நினைத்திருந்தோம். அது இல்லை. அவன் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான். குரல் நன்றாக இருந்ததால் நாங்கள் வீடு வந்து சேர்ந்திருக்கிறோம். பாடத் தெரியாதவர் இறங்கிப் போனார்.

அக்கா ஊசியைத் துணியில் குத்திவிட்டுக் கேட்டார். "எங்களுக்கு முன்னால் ஒருவரை இறக்கினீர்களே, அவர் என்ன ஆனார்?"

அவன் தரையைப் பார்த்தான். தனக்குத் தெரியாது என்றான்.

"தெரிந்துகொண்டு வாருங்கள். வந்து சொன்னால் நான் உங்கள் அம்மாவுக்குப் பாடுகிறேன்."

அவன் வெற்றிலையையும் பழத்தையும் படலைத் தூணில் வைத்துவிட்டுப் போனான். அக்காவின் கணவர் வேலையிலிருந்து வந்து விஷயத்தைக் கேட்டதும் முதலில் கதவைச் சாத்தினார். அப்படிக் கேட்கலாமா, கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது, வீட்டை மாற்றுவோம் என்றார். நானும் அதைத்தான் சொன்னேன். வீட்டுக்காரர்கள் படலைக்குப் பூட்டுப் போட்டார்கள். அக்கா அசையவில்லை. "அவன் வருவான். அந்தப் புள்ளைக்கு நான் பதில் சொல்லணும்" என்றார். அந்த நாட்களில் நாய் குரைத்தாலும் எல்லோரும் ஜன்னலுக்கு ஓடினோம்.

அவன் தனியாகத்தான் வந்தான். பூட்டிய படலைக்கு வெளியே நின்றான். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, அவன் வரவும் இல்லை. அவரைப் புதைத்த இடத்தைக் காட்டுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

அந்தப் பெண், அவளுடைய அண்ணன், அக்கா, நான் நான்கு பேரும் போனோம். வளைவுக்குக் கீழே, ஆற்றோரம், மூங்கில் புதர்களுக்குப் பின்னால். அவன் தூரத்தில் நின்றுகொண்டு கையைக் காட்டினான். கிட்ட வரவில்லை. தன் கையால் நடக்கவில்லை என்று எங்கள் யாரையும் பார்க்காமல் சொன்னான். அது உண்மையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தப் பெண் கற்பூரம் ஏற்றினாள். ஒரு பிடி மண்ணை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். அண்ணன் மறுபடி பொலிஸுக்குப் போகலாம் என்றபோது, புள்ளையோட நான் இங்கதான் இருக்கணும் அண்ணே என்று மட்டும் சொன்னாள். பிற்காலத்தில் நீர்த்தேக்கம் கட்டியபோது பழைய தெல்தெனியக் கடைத்தெருவோடு அந்த இடமும் தண்ணீருக்குள் போய்விட்டது.

இனி அக்கா கொடுத்த வாக்கு. போகவே கூடாது என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். அக்கா எங்களைக் கேட்கவில்லை. கெலிஓயாவுக்குப் போய் அந்தப் பெண்ணைக் கேட்டார். நீ போகாதே என்றால் போகமாட்டேன் என்றார். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையை மறுபக்கம் மாற்றிக்கொண்டாள்.

"போங்க. சொன்னீங்கள்ல" என்றாள் கடைசியில். "ஆனா அவன் மொகத்தப் பாத்து மட்டும் பாடாதீங்க."

அவளும் எங்களோடு வந்தாள். அவன் வீட்டுக்கு வரமாட்டேன், ரோட்டிலேயே நிற்கிறேன் என்று சொல்லிவிட்டாள். அண்ணனும் அவளும் குழந்தையோடு பஸ் நிற்கிற இடத்தில் நிற்க, அக்காவும் நானும் மேலே ஏறினோம். புகையிலைத் தோட்டத்துக்கு மேலே ஒரு சின்ன வீடு. உள்ளே கட்டிலில் அந்த அம்மா சுருண்டு படுத்திருந்தார். மகன் எங்கே போனான், என்ன செய்தான் என்று எதுவும் தெரியாத முகம். மகன் சொன்ன பாட்டுக்காரப் பெண்ணா என்று கேட்டு அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

அக்கா கட்டிலோரம் உட்கார்ந்து அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பாடினார். இப்போது தாலாட்டு முழுதாகத் தெரிந்திருந்தது. அம்மாவின் உதடுகள் கூடவே அசைந்தன.

அவன் முதலில் வாசலில் நின்றான். பிறகு மெதுவாக வந்து அம்மாவின் தலைமாட்டில் நின்றான். அக்கா கண்ணை ஒரு விரற்கடை உயர்த்தினால் போதும், அவன் முகம் தெரியும். அவன் அதற்குத்தான் வந்து நின்றான். இத்தனை வருடம் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த எனக்கு அது நன்றாகத் தெரிந்தது. குரல் மேலே ஏறிப் போகிற இடம் வந்தது. அவன் கை கட்டில் சட்டத்தை இறுக்கியது. அக்கா இன்னும் குனிந்து, அந்த அம்மாவின் நெற்றியோடு தன் நெற்றி முட்டுகிற அளவுக்குக் குனிந்து பாடினார். பாட்டு முடிகிற வரையில் ஒரு தடவைகூடக் கண் உயரவில்லை. நடுவிலேயே அவன் சுவரோரம் போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நீ யார் வீட்டுப் பிள்ளை, மகளே என்று அந்த அம்மா கேட்டார். குண்டசாலையில் இருக்கிறேன், தமிழ்ப் பிள்ளை என்றார் அக்கா. அதற்கென்ன என்பது போல அம்மா அவருடைய கன்னத்தைத் தடவினார். இவர்களுக்குத் தேத்தண்ணி கொடு என்று மகனுக்குச் சொன்னார். அக்கா எழுந்தார்.

வாசல்படியில் நின்று, படியைப் பார்த்தபடியே அவனிடம் சொன்னார். இறங்கிப் போனவருடைய பெயரை முழுதாகச் சொன்னார். எந்தக் கடையில் வேலை செய்தார் என்று சொன்னார். அன்றைக்குப் பிள்ளையைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்தார், ஆண் குழந்தை, கடைசி வரைக்கும் பார்க்கவில்லை என்று சொன்னார். சொல்லிவிட்டு இறங்கி நடந்தார். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை.

புகையிலைப் பாத்திகளின் ஓரமாக நாங்கள் வேகவேகமாக இறங்கினோம். யாராவது பின்னால் வருகிறார்களா என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பஸ் நிற்கிற இடத்தில் ஏழெட்டுப் பேர் சேர்ந்திருந்தார்கள். கடை வாசலில் சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பெண் அதைத் தோளில் போட்டு ஆட்டிப் பார்த்தும் அடங்கவில்லை.

"என்ன சொன்னீங்க அவங்கிட்ட?" என்று கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் பேரச் சொன்னேன். இவன் பொறந்திருக்கான்னு சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"ஒண்ணுஞ் சொல்லல."

அவள் மேட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு குழந்தையை அக்காவின் கையில் கொடுத்தாள். "அந்தப் பாட்ட இவனுக்குப் பாடாதீங்க. நம்ம பாட்டு ஏதாச்சும் பாடுங்க" என்றாள்.

பஸ் வந்ததும் போய்விடலாம், இங்கே வாயைத் திறக்க வேண்டாம் என்று நான் அக்காவின் காதருகே சொன்னேன். சுருட்டுக்காரர்களில் ஒருவன் எழுந்து நின்றிருந்தான். அக்கா குழந்தையை நிமிர்த்தி அதன் முகத்தைப் பார்த்தார். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அந்த ரோட்டோரத்தில், அத்தனை பேருக்கும் நடுவில், குரலைத் தாழ்த்தாமல் தமிழில் பாடத் தொடங்கினார்.